கவ்விய கட்டையும் குனியாக் கழுத்தும்

எச்சிலே, முதல் வணக்கம் உனக்கே. நாவின் அடியில் ஊறி, உதட்டோரம் நூலாய் இறங்கி, மரக்கட்டையை வழுக்கலாக்கி, கால்சட்டையில் வெண்கறையாய்க் காய்ந்து, இந்த வரலாறு முழுவதையும் நனைத்து நிற்கும் ஈரமே, எங்கள் சொல் வறண்டு போகாமல் காத்தருள்க. உன்னை விட்டுவிட்டு எங்கள் நாயகரைப் பாட வழியில்லை. அவர் பிழைப்பே உன்னோடுதான்.

இனி நாயகருக்கு வாழ்த்து. வாழ்க எங்கள் பல் டாக்டர். முப்பத்திரண்டு வெண்குடிகளைக் காக்கும் வேந்தர். கடைவாயின் காரிருளுக்குள் கைக்கண்ணாடியும் விளக்கும் ஏந்தித் தன்னந்தனியே புகுந்து, சொத்தையைச் சொத்தையென்றே சொல்லும் நெஞ்சுரம் வாய்ந்தவர். ஊசியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு ஒன்றுமே வலிக்காது என்று புன்னகைக்கும் வித்தகர். வழுக்கையின் பளபளப்பால் தம் தலைக்கு மேலுள்ள விளக்கையே கூசவைத்தவர். நாயகரைப் பாதத்திலிருந்து பாடுவதா, முடியிலிருந்து பாடுவதா என்று புலவர்கள் அடித்துக்கொள்ளட்டும். முடி இல்லாததால் அந்தச் சிக்கல் பாதி தீர்ந்தது. நாம் கழுத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் போர் முழுக்க அங்கேதான் நடந்தது.

அந்தக் கழுத்து சாதாரணக் கழுத்தன்று. பல்லாண்டுகள் பிறர் வாய்க்குள் எட்டிப் பார்த்துப் பார்த்தே முன்னோக்கி நீண்டு, சற்றே இடப்பக்கம் சாய்ந்து, அப்படியே இறுகிப்போன கழுத்து. லிஃப்டில் நின்றாலும் வங்கியில் வரிசையில் நின்றாலும், எதிரே இருப்பவர் ஒரு சொல் பேச வாயைத் திறந்தால் போதும், மேலேயிருந்து யாரோ கயிற்றைத் தளர்த்தியதுபோல் அது கீழே இறங்கும்.

இத்தனை சிறப்புடைய வேந்தருக்கு ஒரே ஒரு குறை இருந்தது. அவரை நோக்கி மகிழ்ச்சியோடு வந்த உயிர் இவ்வுலகில் ஒன்றுகூடக் கிடையாது. நோயாளிகள் கிராம்பைக் கடித்து, உப்புநீரைக் கொப்பளித்து, எல்லாம் கைவிட்ட பிறகு, இழுத்துவரப்பட்டவர்களைப் போல் வந்தார்கள். வேலை முடிந்ததும் செருப்பைச் சரியாக மாட்டாமலே ஓடினார்கள். உறவினர் வீட்டுப் பிள்ளைகள் அவர் தலை தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டன. பக்கத்து வீட்டுக்காரர்கூட அவரிடம் பல் தெரியாமல்தான் சிரித்தார். டாக்டர் இதைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஆனால் அது அவருக்கு வலித்தது, மரத்துப்போகும் ஊசி எதுவும் அந்த இடத்துக்கு எட்டவில்லை.

அவர் வீட்டில் ஒரு நாய் இருந்தது. பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மறு காது மடிந்து கிடக்கும். நாட்டின் சுமையெல்லாம் தன் தலையில்தான் என்பதுபோல் நெற்றியில் எப்போதும் இரண்டு சுருக்கம். அதனால் அதற்கு மந்திரி என்று பெயர். மந்திரியின் விசுவாசம் முழுவதும் டாக்டரின் மனைவியாகிய கணித ஆசிரியைக்கே உரியது. காலையில் பால்கனியில் அந்த அம்மாள் துணி காயப்போடும்போது கிளிப் ஒன்று கைதவறி விழும். மந்திரி அதைக் கவ்வி எடுத்து, அவர் தொங்கவிட்ட கையில் வைக்கும். அவர் குனியவும் மாட்டார், பார்க்கவும் மாட்டார்; வாங்கிக் கொடியில் மாட்டிவிட்டு அடுத்த துணியை உதறுவார். யாரும் கற்பிக்காமலே நடந்த இந்தக் கைங்கரியத்தைக் கதவோரம் நின்று பல் துலக்கியபடி டாக்டர் பார்ப்பார். ஒருநாள் அவரும் ஒரு கிளிப்பை வேண்டுமென்றே கீழே போட்டார். மந்திரி கிளிப்பைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

இப்படிப்பட்ட துயரில்தான், நாய்களுக்கான கீழ்ப்படிதல் தேர்வு பற்றி அவர் கேள்விப்பட்டார். அதில் ஓர் அங்கம் உண்டு. நாய் எசமானரின் இடக்கால் பக்கத்தில் அமர்ந்திருக்க, அவர் இருபுறமும் தடித்த ஒரு மரக்கட்டையைத் தூர எறிய, அது அசையாதிருந்து, ஏவியதும் பாய்ந்து, கட்டையைக் கவ்வி, மெல்லாமல் கடிக்காமல் நேரே திரும்பி வந்து, அவர் முன்னால் அமர்ந்து, முகத்தை அண்ணாந்து பார்த்தபடி, ‘கொடு’ என்று அவர் சொல்லும்வரை வாயில் வைத்திருந்து, பிறகு கையில் ஒப்படைத்துத் தன் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். மற்றவர்கள் இதில் கட்டையைக் கண்டார்கள். டாக்டர் கண்டது வேறு. ஓர் உயிர் ஓடி வருகிறது, அவரை நோக்கி, தானாகவே. வந்து, அவர் முகத்தைப் பார்த்து உட்காருகிறது. அந்தக் காட்சி அவர் நெஞ்சில் தைத்தது, பிடுங்க வரவில்லை.

அன்றிரவு உணவு மேசையில் எழுந்து நின்று, கரண்டியைச் செங்கோலாக ஏந்தி, அவர் முழங்கினார்: “கேட்பீராக. இன்று தொடங்கி, கட்டை என் கையில் சேரும்வரை ஞாயிற்றுக்கிழமை உறக்கம் எனக்கில்லை. மந்திரி என் முன்னே வந்து அமரும். அமர்ந்து என்னைப் பார்க்கும். இது உறுதி.”

“சரி, அந்த உப்பை இந்தப் பக்கம் தள்ளுங்க,” என்றார் மனைவி.

தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய மைதானத்தில் ஞாயிறுதோறும் நாய்களுக்கு வகுப்பு நடத்தும் பயிற்சியாளர் ஒருவர் இருந்தார். அவர் வித்தையை ஒளிக்காமல் சொன்னார்: “முதல்ல எறியாதீங்க டாக்டர். கடைசியில இருந்து ஆரம்பிக்கணும். வாயில வெச்சுப் பிடிக்கக் கத்துக்கட்டும். மெல்லக் கூடாது. நீங்க கேக்குற வரைக்கும் விடக் கூடாது.” இவ்வளவையும் சொல்லி முடித்தவர், தம் முன்பல்லைப் பார்த்தபடியே டாக்டரின் கழுத்து இறங்கி வருவதைக் கண்டு, கையால் வாயை மூடிக்கொண்டு ஆடுகளத்தின் மறுகோடிக்குப் போய்விட்டார். அந்தப் பல் ஆடுவது டாக்டருக்குத் தெரிந்துவிட்டது; அது தெரிந்துவிட்டது என்பது பயிற்சியாளருக்கும் தெரிந்துவிட்டது. அதன் பிறகு அவர் டாக்டருக்கு வகுப்பெடுத்ததெல்லாம் அந்தத் தூரத்திலிருந்துதான். இந்தச் சிறு ஓட்டத்தால் விளைந்த பெருங்கேட்டைப் பின்னர் காண்பீர்கள்.

டாக்டர் கூடத்தைப் பாசறையாக்கினார். கிளினிக்கில் தாம் உட்காரும் உருளும் முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, அதில் அமர்ந்து, மந்திரியின் வாயில் கட்டையை வைத்தார். வைத்ததும் கடமையுணர்வு மேலிட, தலையைச் சாய்த்து, கழுத்தை நீட்டி, உள்ளே எட்டிப் பார்ப்பார்: கட்டை கோரைப்பல்லுக்குப் பின்னால் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, கடைவாய் மெல்கிறதா, ஈறு அழுந்துகிறதா. ஐயமிருந்தால் டார்ச் அடித்தும் பார்ப்பார். திருப்தியானதும் ‘கொடு’ என்று சொல்லிக் கட்டையை வாங்கி, வேகவைத்த கோழித் துண்டொன்றைப் பரிசளிப்பார். வாரங்கள் உருண்டன, கோழிகள் மாண்டன. மந்திரி மெல்லாமல் பிடித்தது, கேட்டதும் கொடுத்தது. பிறகு தரையிலிருந்து எடுக்கக் கற்றது, பிறகு தூரத்திலிருந்து கொண்டுவரக் கற்றது. இப்படி ஒரு சீடன் எவருக்கு வாய்க்கும் என்று டாக்டர் பூரித்தார். தேர்வுக்குப் பெயர் கொடுத்தார்.

முதல் தேர்வின் காலை. வெண்கோடு இட்ட களம், கயிற்றுக்கு அப்பால் கூட்டம், கையில் அட்டையோடு நடுவர். டாக்டர் எறிந்த கட்டை வானில் சுழன்று புழுதி கிளப்பி விழ, மந்திரி மலைபோல் அசையாதிருந்தது, ஏவிய கணத்தில் அம்பெனப் பாய்ந்தது, கவ்வியது, திரும்பியது, காது ஒன்று நிமிர்ந்து ஒன்று மடிந்து, நெற்றிச் சுருக்கத்தோடு அவர் முன்னே வந்து கம்பீரமாக அமர்ந்தது. கூட்டம் மூச்சை அடக்கியது. டாக்டர் பெருமிதத்தோடு மந்திரியின் வாயை நோக்கிக் குனிந்தார்.

பொத்தென்று கட்டை அவர் காலில் விழுந்தது.

தோல்வி. அதன் பிறகு டாக்டர் செய்யாத உபாயமில்லை. கட்டையை இழைத்தார், கட்டைக்குத் துணி சுற்றினார், துணியைக் கோழிச்சாற்றில் ஊறவைத்தார், வேறு மரத்தில் வேறு கட்டை செய்தார். கூடத்தில் எல்லாம் சரியாக நடந்தது, ஏனென்றால் அங்கே கட்டை விழுமுன் அவர் கை தயாராகக் கீழே காத்திருந்தது. இரண்டாம் தேர்விலோ, விதிப்படி கை விலாவோடு ஒட்டியிருக்க, மறுபடியும் அதே பாய்ச்சல், அதே அமர்வு, அதே குனிதல், அதே பொத். “நாய் மேல தப்பு தெரியல டாக்டர்,” என்று பயிற்சியாளர் மறுகோடியிலிருந்து வாயை மூடியபடி கத்தினார். அந்தத் தூரத்திலிருந்து அவருக்கு எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அப்போது கணித ஆசிரியை தம் ஆணையைப் பிறப்பித்தார். அது சுருக்கமானது. “இன்னும் ஒரே தடவை. அதுலயும் இல்லைன்னா கட்டை பரணுக்குப் போகுது, ஞாயித்துக்கிழமை எனக்கு. நாய் பாட்டுக்கு நாயா இருக்கட்டும்.” மேல்முறையீட்டுக்கு இடமில்லாத தீர்ப்பு அது. டாக்டர் சோபாவில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். பரணில் கட்டையும், சோபாவுக்கடியில் மந்திரியும், இடையில் தாமும் எனத் தம் எஞ்சிய வாழ்நாள் அவர் கண்முன் விரிந்தது. இரண்டு நாள் அவர் கிளினிக்கில் யாருக்கும் சரியாக மரத்துப்போகவில்லை.

வீழ்ச்சியின் அடியில் இருந்த அவரை ஒரு காலுறை தூக்கி நிறுத்தியது. மனைவியின் காலுறையைத் திருடிக்கொண்டு மந்திரி மேசைக்கடியில் புகுந்திருந்தது. அம்மாள் கெஞ்சினார், அதட்டினார், துடைப்பத்தைக் காட்டினார். மந்திரி பிடியைத் தளர்த்தவில்லை. சத்தம் கேட்டு வந்த டாக்டர், ஒரு வார்த்தையும் சொல்லாமல், வழக்கப்படி தலையைச் சாய்த்து மேசைக்கடியில் எட்டிப் பார்த்தார். அக்கணமே மந்திரி காலுறையைத் துப்பிவிட்டு, கோழித் துண்டுக்காக நாக்கைச் சுழற்றியது.

கணக்கு வாத்தியாரம்மாள் துடைப்பத்தைக் கீழே வைத்தார். காலுறையை மறுபடி மந்திரியின் வாயில் கொடுத்தார். தாமே கழுத்தை நீட்டி, தலையைச் சாய்த்து, கணவரைப் போலவே எட்டிப் பார்த்தார். மந்திரி துப்பியது. விடை சரிபார்க்கப்பட்டது.

“ஏங்க, இதுக்கு நீங்க சொல்ற ‘கொடு’ எல்லாம் காதுலயே ஏறல. உங்க தலை எறங்கினா துப்பணும்னு பழகி வெச்சிருக்கு. உங்க பேஷண்ட் எல்லாம் அதைத்தானே செய்யறாங்க.”

மந்திரி கற்காத பாடம் எதுவுமில்லை. டாக்டர் தமக்கே தெரியாமல் கற்பித்ததை அது பிழையின்றிக் கற்றிருந்தது. ஆகவே வெல்லவேண்டிய எதிரி நாலு காலில் நிற்கவில்லை. டாக்டரின் இரு தோள்களுக்கு நடுவே நின்றது.

இனி கவசம் பூணும் காட்சி. கழுத்துவலி வரும் நாட்களுக்காக டாக்டர் அலமாரியில் ஒரு கழுத்துப்பட்டை வைத்திருந்தார். தாடைக்கு முட்டுக்கொடுத்துத் தலையைத் தூணாய் நிறுத்தும் பட்டை. அம்மாள் அதைத் தம் கையாலேயே எடுத்து, தூசி தட்டி, அவர் கழுத்தில் சுற்றி, பின்னால் இழுத்து ஒட்டினார். மூச்சுத் திணற நின்ற வேந்தரின் பார்வை இப்போது எதிர்ச்சுவரில் இருந்த நாட்காட்டிக்குக் கீழே இறங்காது. அந்தக் கோலத்தில் பாடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. மந்திரி கட்டையைக் கவ்வி வந்து அமரும், மேலே பார்க்கும், இறங்க வேண்டிய தலை இறங்காதது கண்டு குழம்பும், எச்சில் நூலாய் வழியும். “கொடு,” என்பார் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே டாக்டர், கையை மெல்ல நீட்டுவார். நாளடைவில் மந்திரி அந்தச் சொல்லைக் கற்றது.

ஆனால் இதில் ஒரு கொடுமை இருந்தது, அதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. டாக்டர் இத்தனை பாடும் பட்டது அந்த முகத்தைப் பார்க்கத்தான். இப்போது அது வந்து அமர்ந்து, அவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அவரோ பார்க்கக் கூடாது. “பாக்குதா?” என்று சுவரிடம் கேட்பார். “பாக்குது, பாக்குது,” என்பார் பின்னால் விடைத்தாள் திருத்தும் மனைவி. “எப்படிப் பாக்குது?” என்பார். அம்மாள் பேனாவை வைத்துவிட்டு மந்திரியை உற்றுப் பார்ப்பார். “நல்லாத்தான் பாக்குது,” என்பார்.

மூன்றாம் தேர்வு வந்தது. இம்முறை நடுவராக வந்தவர் ஓர் அம்மாள். கண்டிப்பானவர் என்று பேர்பெற்றவர். அன்று கூடுதல் கண்டிப்போடு காணப்பட்டார், ஏனென்றால் அவர் வலக்கன்னம் வீங்கியிருந்தது. கைக்குட்டையைக் கன்னத்தில் அழுத்தியபடி களத்துக்குள் வந்தவர், நிமிர்ந்து நின்ற டாக்டரைப் பார்த்ததும் சொன்னார்: “அந்தக் கழுத்துப்பட்டையைக் கழட்டிடுங்க. நாய்க்குச் சைகை காட்டுற எதையும் போட்டுக்கிட்டு உள்ள நிக்கக் கூடாது. உடம்பு முடியலைன்னா வேற நாள் வாங்க.”

வேறு நாள் ஏது, பரண் திறந்து காத்திருக்கும்போது? டாக்டர் பட்டையை உரித்துக் கயிற்றுக்கு அப்பாலிருந்த மனைவியிடம் கொடுத்தார். காற்று அவர் வெற்றுக் கழுத்தைத் தொட்டது. களத்தில் கவசமிழந்த வீரன் ஒருவனைப் போல் அவர் கோட்டுக்குத் திரும்பினார்.

“எறிங்க,” என்றார் நடுவர். கட்டை பறந்தது. “அனுப்புங்க.” மந்திரி பாய்ந்தது. புழுதி எழுந்தது. திரும்பிவரும் காலடிச் சத்தம் புல்லில் கேட்டது, நெருங்கியது, நின்றது. வால் அவர் காலணியை ஒருமுறை துடைத்தது. வந்து அமர்ந்துவிட்டது. அண்ணாந்து பார்க்கிறது. டாக்டர் தம் விழிகளை நேரே நிறுத்தினார். நேரே எதிரில் நடுவர் நின்றார். ‘வாங்குங்க’ என்று சொல்லத்தான் நடுவர் வாயைத் திறந்தார். திறந்த வாயில் வலி சுண்டி இழுக்க, சொல் வராமல் வாய் அப்படியே நின்றுவிட்டது.

ஐயகோ, அந்த வாய். கீழ்வரிசையில், வலக்கோடியில், செம்பவழக் குன்றென வீங்கிய ஈற்றின் நடுவே, கருங்குகையொன்று தெரிந்தது. பல்லாண்டுத் தொழில் அந்தக் கழுத்தின் நரம்புகளில் ஒருசேரப் போர்முரசு கொட்டியது. மேலே சொத்தை இழுத்தது. கீழே, அதைவிட வலுவாக, ஒரு முகம் இழுத்தது, அவர் வாழ்நாள் முழுவதும் காத்திருந்து ஒருமுறையும் பாராத முகம். கழுத்து நடுங்கியது. வழுக்கையில் வியர்வை அரும்பியது. ஒரு மயிரிழை, இல்லை அதுவும் அங்கில்லை, ஒரு நூலிழை அளவு தலை முன்னே சரிந்தது. கட்டை மந்திரியின் பல்லுக்கிடையே சற்றே அசையும் ஒலி அவருக்குக் கேட்டது.

அப்போது நடுவரின் தோளுக்கு மேலே, கயிற்றுக்கு அப்பால், அவர் மனைவியைக் கண்டார். பள்ளியே நடுங்கும் கணித ஆசிரியை, அத்தனை பேர் நடுவில், வெயிலில், கழுத்துப்பட்டையைத் தாமே மாட்டிக்கொண்டு, தாடையைத் தூக்கி, கொடிமரம்போல் விறைத்து நின்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

டாக்டரின் தலை நிமிர்ந்தது. கண் கலங்கியதில் நடுவரும் சொத்தையும் ஒன்றாய்க் கரைந்து மறைந்தார்கள், அதுவும் நல்லதாயிற்று. “வாங்குங்க,” என்ற சொல் ஒருவழியாக வந்தது. அவர் பார்க்காமலே கையை இறக்கினார். விரல்கள் முதலில் மடிந்த காதைத் தொட்டன, பிறகு ஈர மூக்கை, பிறகு கட்டையை. கட்டை அசையவில்லை. “கொடு,” என்றார். மந்திரி கொடுத்தது. சுற்றிவந்து அவர் இடப்பக்கத்தில் அமர்ந்தது.

தேறிற்று. மிக மெல்லிய வித்தியாசத்தில்தான் தேறிற்று; எச்சிலுக்கும் தாமதத்துக்கும் நடுவர் மதிப்பெண்ணைத் தாராளமாகக் குறைத்திருந்தார். ஆனால் அட்டையைக் கையில் கொடுத்தபோது அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி, “டாக்டர், நாளைக்குக் காலைல உங்ககிட்ட வரலாமா?” என்று கேட்டார். மறுகோடியிலிருந்த பயிற்சியாளர்கூட வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். முன்பல் தெரிந்தது. டாக்டர் அதை எட்டிப் பார்க்கவில்லை.

ஆகவே, கேட்போரே, எச்சிலால் தொடங்கிய இந்தப் பெருங்காதையை, கவ்விய கட்டை நழுவாமல் காத்த மந்திரியின் மாண்பையும், குனியாக் கழுத்தால் குவலயம் வென்ற வேந்தரின் வீரத்தையும், வெயிலில் பட்டை பூண்டு நின்று போரைத் திருப்பிய அரசியின் ஆற்றலையும், பரண் ஏறாமல் தப்பிக் கண்ணாடி அலமாரியில் கொலுவீற்றிருக்கும் கட்டையின் புகழையும், ஞாயிறும் திங்களும் உள்ளளவும் முழங்கத்தக்க வெற்றிப் பாடலாய் நாம் நிறைவு செய்ய எழுந்த அந்த மறுநாள் காலையில், பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவியின் கையிலிருந்து கிளிப் ஒன்று விழ, மந்திரி அதைக் கவ்விக்கொண்டு அவரைத் தாண்டிப் போய், கதவோரம் பல் துலக்கிக்கொண்டிருந்த டாக்டரின் முன்னால் உட்கார்ந்தது. அவர் குனிந்து வாங்கிக்கொண்டார்.